பரிந்துரைக் கடிதம்: உயர்கல்வி விண்ணப்பத்தில் சாதி நுழையும் இடம்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் உள்நாட்டின் முன்னணி ஆய்வு நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கும் ஒடுக்கப்பட்ட சமூக மாணவர்களின் எண்ணிக்கை கூடிவருகிறது. இவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பலர் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கி அரசுக் கலைக்கல்லூரிகளில் பயின்றவர்கள். விண்ணப்பத்திற்கான ஆவணங்களை அவர்கள் ஒவ்வொன்றாகத் திரட்டுகிறார்கள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகம் தருகிறது. ஆங்கிலத் தேர்வைக் கடன் வாங்கியேனும் எழுதிவிடலாம். நோக்க அறிக்கையைப் பத்து முறை திருத்தி எழுதலாம். பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் மாணவரின் முயற்சியால் மட்டும் கிடைக்காதது. அதற்கு இன்னொருவர் மனம்வைத்து எழுத வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஆசிரியர்.

மதிப்பெண்ணுக்கு விதி உண்டு, மறுமதிப்பீடு கோரலாம். இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் உண்டு. மீறினால் நீதிமன்றம் செல்லலாம். பரிந்துரைக் கடிதத்திற்கு இவ்விரண்டும் இல்லை. தர மறுத்த ஆசிரியரைக் கட்டாயப்படுத்த எந்த விதியும் இல்லை; அரைமனத்தோடு எழுதப்பட்ட கடிதம் மாணவரின் கண்ணில் படுவதும் இல்லை. கண்காணிப்புக்கு உட்படாத இத்தகைய இடங்களில்தான் சாதி எளிதாக நுழைகிறது. ஆகவே இக்கடிதத்தின் வரலாற்றையும் செயல்பாட்டையும், அதைக் கேட்டுப் பெறும் முறையையும், கல்லூரிகளும் இயக்கங்களும் இதில் செய்ய வேண்டியவற்றையும் இங்கே விளக்க முயல்கிறோம்.

நன்னடத்தைச் சான்றிதழ் அன்று

நமது கல்லூரிகளில் மாணவர்க்குப் பழக்கமான ஆவணம் நன்னடத்தைச் சான்றிதழ். மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து அலுவலகத்தில் பெறுவது அது. ‘இவர் இக்கல்லூரியில் பயின்றார், இவரது நடத்தை நன்று’ என்பதற்கு மேல் அதில் எதுவும் இராது. பரிந்துரைக் கடிதத்தையும் அதன் நீட்சியாகவே மாணவர்களும் ஆசிரியர்களும் கருதிவிடுகிறார்கள். முதல் சறுக்கல் இங்கேதான் நேர்கிறது.

பரிந்துரைக் கடிதம் ஒரு மதிப்பீடு. ‘இம்மாணவரை எனக்கு எவ்வாறு தெரியும், எத்தனை காலமாகத் தெரியும், இவர் சிந்திப்பதையும் எழுதுவதையும் நான் எப்படிக் கண்டேன், நீங்கள் நடத்தும் படிப்பில் இவர் என்ன செய்ய வல்லவர்’ என்ற கேள்விகளுக்கு ஓர் ஆசிரியர் தம் பெயரால் அளிக்கும் விடை அது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் படிப்புகள் பொதுவாக இரண்டு கடிதங்களைக் கேட்கின்றன. அமெரிக்காவில் முனைவர் பட்டப் படிப்புக்குப் பெரும்பாலும் மூன்று. பிரித்தானிய அரசின் செவனிங் உதவித்தொகைக்கும் இரண்டு பரிந்துரைகள் வேண்டும். அமெரிக்க இளங்கலைப் படிப்புகளில் பல, பள்ளி ஆசிரியர்களின் கடிதங்களைக் கேட்கின்றன. இந்தியாவிலும் சில ஆய்வு நிறுவனங்கள் நேர்காணலுக்கு முன் பரிந்துரையாளர் கருத்தைக் கோருகின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. தமிழ்நாடு அரசும் அம்பேத்கர் பெயரால் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஆனால் தேசிய உதவித்தொகையைப் பெற, தகுதிவாய்ந்த அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலில் இடம் கிடைத்திருக்க வேண்டும். அந்த இடத்தைப் பெற ஆசிரியர்களின் கடிதங்கள் வேண்டும். ஆக, நமக்கென ஒதுக்கப்பட்ட பணத்தின் முன்னே, நமக்கென எதுவும் ஒதுக்கப்படாத ஒரு வாசல் நிற்கிறது. 115 இடங்கள் என்ற கணக்கை எழுப்பும்போது இந்த வாசலைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

விலக்குவதற்காக வளர்ந்த வழக்கம்

பரிந்துரைக் கடிதம் நடுநிலையான கல்வி மரபு என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்க அனுபவம் வேறு கதையைச் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்கள் இளங்கலைச் சேர்க்கைக்குப் பெரிதும் தேர்வையே நம்பியிருந்தன. குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அத்தேர்வுகளில் வென்று உள்ளே வந்தனர். 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டு மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் யூதர். 1922-இல் அதன் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவல் யூதர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்க முயன்றார். வெளிப்படையான வரம்புக்கு எதிர்ப்பு எழுந்தது. பின்னர் வேறு வழி கண்டறியப்பட்டது. ‘குணநலன்’, ‘ஆளுமை’, ‘தலைமைப் பண்பு’ ஆகியவை அளவுகோல்கள் ஆயின. அவற்றை அளக்க நேர்காணலும் புகைப்படமும் பரிந்துரைக் கடிதமும் சேர்க்கை நடைமுறையில் வலுப்பெற்றன. சமூகவியலாளர் ஜெரோம் காராபெல் 2005-இல் வெளியிட்ட ‘தி சோசன்’ என்ற நூலில் இவ்வரலாற்றை ஆவணங்களோடு விரித்துரைத்துள்ளார்.

அளக்கக்கூடிய தேர்வில் ஒடுக்கப்பட்டோர் வெல்லத் தொடங்கும்போது, அளக்க முடியாத ‘குணம்’ முன்னுக்கு வருகிறது என்பதே இவ்வரலாற்றின் சாரம். இது நமக்குப் புதிதன்று. அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நிலவிய பாகுபாட்டை ஆராய்ந்த தோரட் குழு 2007-இல் அளித்த அறிக்கையில், செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தாங்கள் எதிர்கொண்ட வேறுபாட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பதிவுசெய்திருந்தனர். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட அப்துல் நஃபே குழு, பாகுபாட்டுக்கான தடயங்களைக் கண்டு, நேர்காணலின் எடையை 30-இலிருந்து 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அதே 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு எதிர்த்திசையில் சென்றது: எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, ஆய்வுப் படிப்பின் சேர்க்கையை நேர்காணலின் கையில் ஒப்படைத்தது. போராட்டங்களுக்குப் பின் 2018-இல்தான் எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு எடை மீண்டது.

நேர்காணலிலாவது எதிரில் இருப்பவர்களின் முகம் தெரியும். மதிப்பெண் தாளில் ஓர் எண் மிஞ்சும். பரிந்துரைக் கடிதத்தில் அந்த எண்கூட மிஞ்சுவதில்லை.

அம்பேத்கருக்குக் கிடைத்த இரண்டு பரிந்துரைகள்

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1907-இல் பீமாராவ் மெட்ரிக்குலேசன் தேர்வில் வென்றபோது, அவரது சமூகத்தார் நடத்திய பாராட்டுக் கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் கலந்துகொண்டார். தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்கு அளித்தவரும் அவரே. கல்லூரிப் படிப்பைத் தொடரக் குடும்பத்திடம் பணமில்லாத நிலை வந்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அம்பேத்கரை அறிமுகப்படுத்த முன்னின்றவரும் கேலுஸ்கரே. மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு நிறைவேறியது. அந்தத் தொடர்பின் வழியாகத்தான் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பும் வந்தது.

இரண்டாவது பரிந்துரை கொலம்பியாவிலிருந்து. அங்கே அம்பேத்கரின் பேராசிரியராக இருந்த பொருளியலாளர் எட்வின் செலிக்மன், 1920-இல் இலண்டன் பொருளியல் பள்ளியோடு தொடர்புடைய பேராசிரியர் ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதி, அம்பேத்கரின் ஆய்வுக்கு உதவுமாறு கேட்டுக்கொண்டார். உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடு திரும்பியிருந்த அம்பேத்கர், சேமித்தும் கடன் பெற்றும் மீண்டும் இலண்டன் சென்ற நேரம் அது. 1923-இல் அங்கே டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

அம்பேத்கரின் அறிவை இக்கடிதங்கள் உண்டாக்கவில்லை. அவர்தம் அறிவு நுழைய வேண்டிய கதவுகளில் சிலவற்றைத் திறக்க அவை உதவின. பரிந்துரைப்பவர் தம் பெயரையும் நற்பெயரையும் இன்னொருவருக்காகப் பயன்படுத்துகிறார். ஆதிக்கச் சாதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு பிறப்பிலேயே வாய்க்கிறது: உறவினரில் ஒரு பேராசிரியர், அப்பாவின் நண்பரில் ஒரு விஞ்ஞானி, பக்கத்து வீட்டில் அமெரிக்காவில் பயின்ற அக்கா. நம் மாணவர்க்கு அது வகுப்பறையில் மட்டுமே கிடைக்கக்கூடியது. அங்கும் கிடைக்காவிடில் வேறெங்கும் கிடைப்பதில்லை.

சாதி எங்கெங்கே நுழைகிறது

முதலாவது, அறிமுகத்தில். நல்ல கடிதத்திற்கு ஆசிரியர் மாணவரை நன்கு அறிந்திருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் துறை அறைக்குச் சென்று பேசுவது, நூல் இரவல் கேட்பது, கருத்தரங்கில் உதவுவது ஆகியவற்றால் அந்த அறிமுகம் வளர்கிறது. முதல் தலைமுறை மாணவர் இவற்றை ‘தொல்லை தருவது’ என்று எண்ணி ஒதுங்குகிறார். விடுதி உணவு நேரமும் ஊர் செல்லும் கடைசிப் பேருந்தும் பகுதிநேர வேலையும் அவரை மாலை வேளைகளில் கல்லூரியில் இருக்கவிடுவதில்லை. வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயராகவே மூன்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன. உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வாசிக்கப்படும்போது மட்டும் ஆசிரியர் அவரை நிமிர்ந்து பார்க்கிறார்.

இரண்டாவது, எழுதுபவர் யார் என்பதில். 2019–20ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வி ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களது பங்கு 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. ஒரு தலித் மாணவரின் சூழலைச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஆசிரியர் அவர் துறையில் ஒருவர்கூட இல்லாதிருக்க வாய்ப்பு மிகுதி. பிற சமூக ஆசிரியர்கள் நேர்மையாக எழுத மாட்டார்கள் என்பதல்ல நம் வாதம். செலிக்மன் எழுதினார், கேலுஸ்கர் முன்னின்றார். ஆனால் ஒருவரின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பியிருக்கும் ஏற்பாட்டை நீதி என்று சொல்ல இயலாது.

மூன்றாவது, மறுக்கும் முறையில். ‘தரமாட்டேன்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’, ‘துறைத்தலைவர் அனுமதி வேண்டும்’, ‘கல்லூரிக் கடிதத்தாளை இதற்குத் தர முடியாது’, ‘இதெல்லாம் உனக்கு எதற்கு, பி.எட். போய்விடலாமே’ என்ற வடிவங்களில் மறுப்பு வருகிறது. கடைசித் தேதி கடந்ததும் மறுப்பு நிறைவுபெறுகிறது. விடுதிக் குறைகளுக்காகப் போராடியவர், அம்பேத்கர் வாசகர் வட்டம் தொடங்கியவர், சாதிப் பாகுபாட்டைப் புகாராக எழுதியவர் ஆகியோருக்கு ‘நடத்தை’ என்ற சொல் ஒரு தண்டனையாகவே திரும்புகிறது. போராடினால் கடிதம் கிடைக்காது என்ற அச்சம், போராட வேண்டிய மாணவர் பலரை வாய்மூடச் செய்கிறது. இக்கடிதம் ஓர் உரிமைச் சிக்கலாவது இதனால்தான்.

நான்காவது, கடிதத்தின் சொற்களில். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஃபிரான்சிஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா ஆகிய இருவர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியவை. அவற்றில் உழைப்பைக் குறிக்கும் சொற்களும் ஐயத்தை எழுப்பும் தொடர்களும் மிகுந்திருந்தன. ஆண்களுக்கான கடிதங்களில் ஆய்வும் ஆற்றலும் முன்னின்றன. எழுதியவர்கள் தீங்கு நினைத்து எழுதியவர்கள் அல்லர். பழக்கம் எழுத வைத்தது.

நம் சூழலில் இதே பழக்கம் சாதியின் வடிவில் வருகிறது. ‘ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவர்’, ‘பணிவானவர்’, ‘கீழ்ப்படிபவர்’, ‘ஒழுக்கமானவர்’, ‘கடினமாக உழைப்பவர்’ என்ற சொற்கள் நம் மாணவரின் கடிதங்களில் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்கிறோம். ஆசிரியர் இவற்றைப் பாராட்டாகவே எழுதுகிறார். அவற்றைப் படிக்கும் சேர்க்கைக் குழுவுக்கோ, ‘இவரது அறிவைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை போலும்’ என்றே தோன்றும். இரக்கம் நிறைந்த கடிதம் மாணவரை உயர்த்துவதில்லை.

கேட்பது எப்படி

இனி நடைமுறைக்கு வருவோம். இது சலுகை கேட்பதன்று என்பதை மாணவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மாணவரை மதிப்பிடுவது ஆசிரியப் பணியின் ஒரு பகுதி; ஆசிரியரும் ஒரு காலத்தில் யாரோ எழுதிய கடிதத்தோடு முன்னேறியவராக இருக்கலாம்.

யாரிடம் கேட்பது? பதவியைப் பார்த்துத் தேர்வுசெய்வது பொதுவான தவறு. பெயரைக்கூட அறியாத முதல்வரின் நான்கு வரியைவிட, உங்கள் ஆய்வறிக்கையைத் திருத்திய கௌரவ விரிவுரையாளரின் ஒரு பக்கம் பயன்மிக்கது. அரசுக் கல்லூரிகளில் நம் மாணவரோடு நெருக்கமாக இருப்பவர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்களே. அவர்களது பணி நிலையற்றது என்பதால் கடிதத்தின் மதிப்பு குறையாது. அவர்கள் வேறு கல்லூரிக்குச் சென்றுவிட நேரும் என்பதால், தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் முன்கூட்டியே பெற்று வைத்திருங்கள். இரண்டு கடிதங்கள் தேவையெனில் நான்கு பேரை மனத்தில் வையுங்கள்.

எப்போது கேட்பது? கடைசித் தேதிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பு. அமெரிக்க முனைவர் பட்ட விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் முடிகின்றன. எனவே அக்டோபர் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். பருவத் தேர்வு, விடைத்தாள் திருத்தம், தீபாவளி, பொங்கல் விடுமுறைகள் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது? இயன்றால் நேரில் கேட்டு, பின்னர் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். ‘கடிதம் தருவீர்களா’ என்பதைவிட, ‘என் பணியைப் பற்றி விரிவாகவும் உறுதியாகவும் எழுத இயலுமா’ என்று கேட்பது நல்லது. தயக்கம் இருப்பின் அப்போதே தெரிந்துவிடும். வேறொருவரை அணுக நேரமும் இருக்கும். எழுதும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறோம்:

‘மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் தங்களிடம் பொருளியல் இளங்கலை பயின்ற மாணவி. ஐந்தாம் பருவத்தில் தாங்கள் நடத்திய வேளாண் பொருளியல் தாளுக்காக எங்கள் ஒன்றியத்தின் பண்ணைக் கூலி விவரங்களைத் திரட்டி ஆய்வறிக்கை அளித்தேன். வளர்ச்சிப் பொருளியல் முதுகலைப் படிப்புக்கு மூன்று பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கிறேன். அந்த ஆய்வைப் பற்றி அறிந்தவர் என்ற முறையில் தாங்கள் எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத இயலுமா என அறிய விழைகிறேன். முதல் கடைசித் தேதி டிசம்பர் 1. இசைவு அளித்தால், என் மதிப்பெண் பட்டியல், ஆய்வறிக்கை, நோக்க அறிக்கை, பல்கலைக்கழகங்கள் கேட்கும் வினாக்கள் ஆகியவற்றை ஒரே கோப்பாக அனுப்புகிறேன். இயலாத நிலை இருப்பின் தயங்காது தெரிவிக்க வேண்டுகிறேன்.’

இசைந்த ஆசிரியருக்கு அனுப்பும் கோப்பில் ஒரு பக்கக் குறிப்பு கட்டாயம் இருக்கட்டும்: அவரிடம் பயின்ற தாள்கள், பெற்ற மதிப்பெண்கள், வகுப்பில் நீங்கள் எழுப்பிய ஒரு கேள்வி, செய்த ஒரு பணி, அதில் எதிர்கொண்ட சிக்கல், விண்ணப்பிக்கும் படிப்போடு அதற்குள்ள தொடர்பு. நூறு மாணவர்க்குப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இது நினைவூட்டல். இது இல்லையெனில் ‘பணிவானவர்’ என்ற சொல்லே அவர் கைக்கு எளிதில் வரும்.

அடுத்தது நம் கல்லூரிகளில் அன்றாடம் கேட்கும் வாசகம்: ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்.’ பணிச்சுமையாலோ ஆங்கிலத் தயக்கத்தாலோ சொல்லப்படுவது இது. பல பல்கலைக்கழகங்கள் இதை விதிமீறலாகக் கருதுகின்றன. மாணவரின் நோக்க அறிக்கையும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் விண்ணப்பமே ஐயத்திற்கு உள்ளாகும். மாணவர் அங்கே மறுத்துப் பேசத் தேவையில்லை. ‘குறிப்புகளை எழுதித் தருகிறேன், அம்மா, அவற்றைக் கொண்டு தாங்கள் எழுதினால் போதும்’ என்று சொல்லி அந்த ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்கள். ஆங்கிலம் தடையெனில், ஆசிரியர் தமிழில் சொல்லச் சொல்ல இன்னொரு ஆசிரியரோ பயிற்சி பெற்ற தன்னார்வலரோ மொழிபெயர்த்து, அவரே படித்து ஒப்புதல் தரலாம். கருத்தும் மதிப்பீடும் ஆசிரியருடையவையாக இருக்க வேண்டும்.

தொழில்நுட்பச் சிக்கல்களும் சிறியவை அல்ல. பல்கலைக்கழகத்தின் தளம் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பை அனுப்பும். அதன்வழியே அவரே கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். பல இடங்களில் நிறுவன மின்னஞ்சல் முகவரி கேட்கப்படுகிறது. நம் கல்லூரி ஆசிரியர்கள் பலர் பயன்படுத்துவது ஜிமெயில். அந்நிலையில் சேர்க்கை அலுவலகத்திற்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இணைப்பு அனுப்பிய அன்றே ஆசிரியரிடம் சொல்லி, வேண்டாத அஞ்சல் பெட்டியையும் பார்க்கச் செய்யுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பும் நான்கு நாள் முன்பும் நினைவூட்டுவதில் தவறேதும் இல்லை.

அமெரிக்க விண்ணப்பங்களில், கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்ற கேள்வி வரும். 1974-இல் இயற்றப்பட்ட குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டத்தின்படி, சேர்ந்த மாணவர்க்குத் தம் கோப்பைப் பார்க்கும் உரிமை உண்டு. விட்டுக்கொடுத்த கடிதங்களையே சேர்க்கைக் குழுக்கள் கூடுதலாக நம்பும் என்பதால் பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கின்றனர். நம்மைப் பொறுத்தவரை இதன் பொருள் ஒன்றுதான்: நம்பிக்கைக்குரியவரிடம் மட்டுமே கேளுங்கள்.

மறுக்கப்பட்டால்? தனிப்பட்ட தோல்வியாக எண்ணாது, பட்டியலில் அடுத்தவரிடம் செல்லுங்கள். களப்பணி செய்த அமைப்பின் பொறுப்பாளர், கோடைக்கால ஆய்வை வழிநடத்தியவர், பணியிட மேலாளர் ஆகியோரின் கடிதத்தையும் பல படிப்புகள் ஏற்கின்றன. குறைந்தது ஒன்றாவது ஆசிரியருடையதாக இருந்தால் போதும் என்பது பரவலான நடைமுறை. மறுப்பில் சாதிச் சொல்லோ பழிவாங்கலோ வெளிப்பட்டால், தேதியும் சொல்லும் உட்பட எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன. புகார் எழுதுவதற்கு முன் இயக்கத் தோழர்களோடும் மூத்த மாணவர்களோடும் கலந்துபேசுங்கள். தனியாக நிற்க வேண்டாம்.

எழுதும் ஆசிரியர்களுக்கு

இத்தளத்தைப் படிக்கும் ஆசிரியர்களும் உண்டு. அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘இம்மாணவி வறிய குடும்பத்தைச் சேர்ந்தவர், பணிவும் கடின உழைப்பும் உடையவர், இவருக்கு வாய்ப்பளித்தால் குடும்பம் உயரும்’ என்பது ஒரு கடிதம். ‘இம்மாணவி தம் ஒன்றியத்தில் நாற்பது வீடுகளில் கூலி விவரம் திரட்டினார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி வேறுபடுவதைப் பாடநூல் தரும் விளக்கத்தால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று வகுப்பில் வாதிட்டார். அடுத்த வாரமே தம் தரவைக் கொண்டு மாற்று விளக்கம் ஒன்றை எழுதி வந்தார். பதினைந்து ஆண்டுப் பணியில் இளங்கலை மட்டத்தில் இத்தகைய பணியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்’ என்பது இன்னொரு கடிதம். மாணவி ஒருவரே. இரண்டாம் கடிதம்தான் அவரை அறிவாளியாகக் காட்டுகிறது.

மாணவரின் சாதியையோ குடும்ப நிலையையோ அவரது இசைவு பெறாமல் எழுதாதீர்கள். தம் வரலாற்றைத் தம் நோக்க அறிக்கையில் தம் சொற்களில் சொல்வது அவரது உரிமை. அவர் விரும்பினால், அச்சூழலில் அவர் சாதித்ததை அளவிட உதவும் செய்தியாக அதை எழுதலாம்: விடுதியில் ஒரு அறையில் எத்தனை பேர், தமிழ்வழிக் கல்வியிலிருந்து ஆங்கில ஆய்வறிக்கைக்கு எவ்வளவு காலத்தில் வந்தார் என்பவை தகவல்கள். ‘பாவம்’ என்ற தொனி தகவலன்று. எழுத மனமில்லையெனில் அன்றே சொல்லிவிடுங்கள். கடைசி நாள்வரை இழுத்தடிப்பதுதான் மறுப்பைவிடக் கொடிது.

இயக்கங்களும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை

தனி மாணவரின் திறமையால் மட்டும் இச்சிக்கல் தீராது. கல்லூரிகள் செய்யக்கூடியவை பெரும் செலவு கேட்பவை அல்ல. கௌரவ விரிவுரையாளர் உட்பட எல்லா ஆசிரியர்க்கும் நிறுவன மின்னஞ்சல் தருவது. பரிந்துரைக் கடிதத்திற்குக் கல்லூரிக் கடிதத்தாளைப் பயன்படுத்தப் பொது அனுமதி வழங்குவது. கோரிக்கைகளைத் துறையில் ஒரு பதிவேட்டில் பதிந்து, இரண்டு வாரத்திற்குள் ஆம் அல்லது இல்லை என எழுத்தில் தெரிவிப்பது. யார் கேட்டார், யாருக்குக் கிடைத்தது என்ற கணக்கைச் சம வாய்ப்புப் பிரிவு ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிடுவது. கடிதத்தின் உள்ளடக்கத்தில் எவரும் தலையிட வேண்டியதில்லை. பதிவேடு இருந்தாலே ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்பது ஆண்டுக்கணக்கில் நீளாது.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. உதவித்தொகைத் தொகையை உயர்த்துவதோடு, விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே மாணவர்க்கு வழிகாட்டும் அலுவலரை ஆதிதிராவிடர் நல விடுதிகளோடு இணைக்கக் கோருவோம். தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வுகள் ஆகியவற்றை விலக்கிவிட்டன. சாதியை ஆராய விரும்பும் மாணவரை ஆதரித்து எழுதும் ஆசிரியரின் கடிதம் இருந்தும், அவருக்குப் பணம் இல்லை என்ற நிலையை அது உருவாக்கியது. கடிதத்திற்கான போராட்டமும் இந்த விலக்கத்திற்கு எதிரான போராட்டமும் ஒன்றோடொன்று இணைந்தவை.

இயக்கங்களின் பங்கு இன்னும் நேரடியானது. முதல் தலைமுறை மாணவரின் விண்ணப்பங்களுக்கு மகாராஷ்டிரத்தில் வழிகாட்டத் தொடங்கிய ஏகலவ்யா இந்தியா ஃபவுண்டேஷன் போன்ற முயற்சிகள் முன்னுதாரணங்கள். கட்டைவிரலை இழந்தவனின் பெயரை ஓர் அமைப்பு தாங்கி நிற்பதன் பொருளை விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு மாவட்டத்திலும், அயல்நாடு சென்று பயின்ற நம் சமூக மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், முதலாண்டு மாணவர்களைச் சந்தித்து ஆசிரியரோடு பழகும் முறையைச் சொல்லலாம். குறிப்புப் பக்கத்தைத் திருத்தித் தரலாம். பரிந்துரைக்கத் தயாராக உள்ள ஆசிரியர்களின் பட்டியலை உருவாக்கலாம்.

இன்று இளங்கலை முதலாண்டில் இருக்கும் மாணவர்க்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். கடிதம் கேட்பது மூன்றாம் ஆண்டின் கடைசி மாதத்தில் தொடங்கும் வேலையன்று. இந்தப் பருவத்திலேயே ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள். அவர் நடத்திய பாடத்தில் உங்களுக்கு உண்மையாகவே எழுந்த ஒரு கேள்வியோடு அவரது துறை அறைக்குச் செல்லுங்கள். துறை அறை கல்லூரியின் இடம். அங்கே செல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.